அம்மா கணக்குப் படிக்கிறாள்!

இரவு மணி 10. ஊர் திருப்பூர்.

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் பெண் ஒருத்தியை நினைத்துக் கொள்ளுங்கள். வயது 31. பிளஸ் 2 வரை படித்தவள். கணவன் லேத் பட்டறைக்குப் போகிறான். ஒரே மகன். ஏழாம் வகுப்பு.

சாப்பாடு முடிந்தது. பாத்திரம் கழுவி ஆயிற்று. பையன் இன்னும் தூங்கவில்லை. எட்டிப் பார்த்தான். அம்மா பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நோட்டில் கோடு போட்டுக் கொண்டு இருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"கணக்குப் போடறேன் கண்ணு."

"கம்பெனிக் கணக்கா?"

"இல்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கு."

பையன் சிரித்துவிட்டான். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கோட்டை அழித்து, மறுபடியும் போட்டாள்.

இந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. அவள் கற்பனைப் பெண். ஆனால் அவள் படிக்கும் படிப்பு நிஜம். அவளைப் போல, விட்டுப்போன கணக்கை மறுபடியும் தொட்டுப் பார்ப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

கணக்கு எப்படி விட்டுப் போயிற்று?

பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கில் மார்க் குறைவு. பாஸ்தான், ஆனால் ஒட்டிக்கொண்டு பாஸ். பதினொன்றாம் வகுப்பில் "முதல் குரூப் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். கணக்குப் பாடம் இல்லாத காமர்ஸ் குரூப் கிடைத்தது. அன்றோடு கணக்குக்கும் அவளுக்கும் உறவு முறிந்தது. பிளஸ் 2 முடித்தாள். கல்யாணம் ஆயிற்று. குழந்தை பிறந்தது. பிறகு வேலை.

வேடிக்கை என்னவென்றால், அவள் பகல் முழுவதும் செய்வதும் கணக்குதான்! கூட்டல், கழித்தல், பாக்கி, பட்டுவாடா. ஆனால் கம்பெனிக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். எந்த மாதம் எந்த அளவு பனியன் அதிகம் போகும், எவ்வளவு நூல் வாங்கி வைக்கலாம் என்று கம்ப்யூட்டரில் அலசிச் சொன்னான். சம்பளம் அவளைப்போல் இரண்டு மடங்கு. அவன் படித்தது என்ன? "டேட்டா சயின்ஸ்" என்றார்கள். குவியலாகக் கிடக்கும் விவரங்களை அலசி, உண்மையைப் பொறுக்கி எடுக்கும் வித்தை அது.

அந்த வித்தையின் அஸ்திவாரம் கணக்கு. விட்டுப்போன அதே கணக்கு!

இரண்டு வாசல்கள்

சென்னை கிண்டியில் ஐ.ஐ.டி. இருக்கிறது. 1959-ம் ஆண்டில், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. அங்கே பி.டெக். படிக்க வேண்டுமானால் ஜே.இ.இ. என்ற நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அது இரண்டு கட்டம். பிளஸ் 2வில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு. லட்சக்கணக்கானவர்கள் எழுதுவார்கள். இடமோ மிகக் குறைவு. காமர்ஸ் படித்த 31 வயதுப் பெண்ணுக்கு அந்த வாசல் மூடிய வாசல்.

2020-ம் ஆண்டு, கொரோனா நாட்களில், அதே ஐ.ஐ.டி. இன்னொரு வாசலைத் திறந்தது. ஜூன் 30-ந் தேதி அறிவிப்பு வந்தது. வீட்டில் இருந்தபடியே, இன்டர்நெட் மூலம் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு! முதலில் பி.எஸ்சி. பட்டமாக இருந்தது. பிறகு 4 ஆண்டு பி.எஸ். பட்டமும் வந்தது.

யார் சேரலாம்? பிளஸ் 2 பாஸ் செய்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம். எந்த குரூப் என்று கேட்பது இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். வயது வரம்பு கிடையாது. பேரனோடு சேர்ந்து தாத்தாவும் விண்ணப்பிக்கலாம்!

ஆனால் விண்ணப்பித்தவுடன் சேர்த்துக்கொள்வார்களா? அதுதான் இல்லை.

முதலில் பாடம், பிறகு பரீட்சை

வழக்கமான நுழைவுப் பரீட்சை என்ன செய்கிறது? "உனக்கு என்ன தெரியும்?" என்று வாசலிலேயே கேட்கிறது. தெரியாதவன் வெளியே நிற்க வேண்டியதுதான். தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வேறு எங்காவது டியூஷன் படிக்க வேண்டும்.

இங்கே வரிசையைத் திருப்பிவிட்டார்கள். முதலில் 4 வாரம் பாடம் நடத்துகிறார்கள். அதன் பிறகு, நடத்திய பாடத்தில்தான் பரீட்சை. கணக்கு, புள்ளியியல், கம்ப்யூட்டர் முறையில் யோசிப்பது, ஆங்கிலம் என்று நாலு பாடங்கள்.

வாரா வாரம் வீட்டுக்கணக்கு உண்டு. அதில் குறிப்பிட்ட சராசரி மார்க் வாங்கியவரே பரீட்சை எழுதலாம். பரீட்சையில் பொதுப் பிரிவினர் ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 40-க்குக் குறையக் கூடாது. மொத்தத்தில் 50 வேண்டும். மற்றப் பிரிவினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இதில் சலுகை உண்டு. விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். ஆகவே விண்ணப்பிக்கிறவர் அந்தத் தடவைக்கு உரிய விதியைப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே ரேங்க் கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரனை முந்த வேண்டாம். தேவையான மார்க் வாங்கிய எல்லோருக்கும் இடம் உண்டு.

இப்படிப்பட்ட படிப்புக்கு ஆஸ்திரேலியாவில் "பாலப் படிப்பு" என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே போடும் பாலம். நம் தாத்தா பாட்டிகளுக்கு இது புதிது அல்ல. அவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, காலேஜில் ஓர் ஆண்டு புகுமுக வகுப்புப் படித்தார்கள். பி.யூ.சி. என்பார்கள். 1978-ல் பிளஸ் 2 வந்ததும் அது மறைந்தது.

நாலு வாரத்தில் என்ன கணக்கு?

பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் நம் கதாநாயகி கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கினாள். திறந்தாள். திகைத்தாள். முதல் பாடமே "உறவுகளும் சார்புகளும்". நாலு வாரப் படிப்பின் முதல் வாரமும் அதுதான்! அடுத்த வாரம் நேர்க்கோடு. புத்தகத்தில் இருக்கிறது. மூன்றாவது வாரம் இருபடிச் சமன்பாடு. அதுவும் இருக்கிறது. நாலாவது வாரம் பல்லுறுப்புக் கோவை. அது மட்டும் கொஞ்சம் நீளம், கொஞ்சம் ஆழம்.

"பத்தாம் வகுப்புக் கணக்குதானே" என்று அலட்சியமாக இருந்தவர்கள் முதல் வாரத்திலேயே தடுக்கி விழுவார்கள்.

ஒரு தெருவில் 60 வீடுகள். 40 வீட்டில் பேப்பர் வாங்குகிறார்கள். 30 வீட்டில் பாக்கெட் பால் வாங்குகிறார்கள். 15 வீட்டில் இரண்டும் வாங்குகிறார்கள். இரண்டுமே வாங்காத வீடு எத்தனை?

அவசரக்காரர் 40-ஐயும் 30-ஐயும் கூட்டுவார். 70! தெருவில் இருப்பதே 60 வீடுதானே? 10 வீடு எங்கிருந்து வந்தது? இரண்டும் வாங்குகிற 15 வீட்டை அவர் இரண்டு தடவை எண்ணிவிட்டார். 70-ல் 15 போனால் 55. இரண்டும் வாங்காத வீடு 5. இதற்குப் பெயர்தான் கணம். "ஸெட்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் பயமாக இருக்கிறது!

இரண்டாவது வாரம் வரும் நேர்க்கோட்டை ஆட்டோவில் பார்க்கலாம். ஏறினால் 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோமீட்டர் போனால் 122 ரூபாய். 7 கிலோமீட்டர் போனால் 176. மூன்று கிலோமீட்டருக்கு 54 ரூபாய் ஏறியது. கிலோமீட்டருக்கு 18. அந்த 18-தான் கோட்டின் சாய்வு. ஏறியவுடன் விழும் 50 ரூபாய், கோடு தொடங்கும் இடம்.

மொட்டை மாடியில் ஒரு பரீட்சை

மூன்றாவது வாரம்தான் அவளை அழவைத்தது. இருபடிச் சமன்பாட்டின் உச்சி எங்கே என்று கேட்டிருந்தார்கள். மூன்று தடவை போட்டாள். மூன்று விடை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை துணி காய வைக்க மாடிக்குப் போனாள். கையில் 40 அடிக் கயிறு. மகனும் கூடப் போனான்.

"கண்ணு, இந்தக் கயிற்றை வைத்து நாலு மூலைக் கட்டம் ஒன்று போடு. உள்ளே இடம் நிறைய இருக்க வேண்டும்."

பையன் 15 அடி நீளம், 5 அடி அகலம் வைத்தான். உள்ளே 75 சதுர அடி. "நீளமா வெச்சா பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். 12-க்கு 8 வைத்தான். 96. 11-க்கு 9 வைத்தான். 99. 10-க்கு 10 வைத்தான். 100! இன்னும் ஏறுமா என்று 9-க்கு 11 வைத்தான். திரும்பவும் 99.

கயிறு அதே கயிறுதான். இடம் மட்டும் ஏறி ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, இறங்கிவிட்டது. மேலே எறிந்த பந்து போல!

ஒரு பக்கத்தின் நீளம் எவ்வளவோ, அதை 20-லிருந்து கழித்தால் அடுத்த பக்கம். இரண்டையும் பெருக்கினால் இடம். இதுதான் அவள் நோட்டில் எழுதியிருந்த இருபடிச் சமன்பாடு. மூன்று இரவு புரியாதது மாடியில் புரிந்தது. ஓடிவந்து நோட்டைத் திறந்தாள். துணி நனைந்தபடியே வாளியில் கிடந்தது.

மொழி என்ற மதில்

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பாடம் ஆங்கிலத்தில். சார்பு என்றால் அவளுக்குத் தெரியும். "பங்ஷன்" என்றதும் அவள் கல்யாண வீட்டை நினைத்தாள். சாய்வு தெரியும். "ஸ்லோப்" தெரியவில்லை.

அவள் ஒரு காரியம் செய்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசை போட்டாள். இடது பக்கம் ஆங்கிலச் சொல். வலது பக்கம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் தமிழ்ச் சொல். வீடியோப் பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். வகுப்பறையில் ஆசிரியரை அப்படி நிறுத்த முடியுமா? புரியாத இடத்தை ஐந்து தடவை கேட்டாள். ஐந்தாவது தடவையும் வீடியோ ஆசிரியர் கோபிக்கவில்லை.

இருந்தாலும் வீட்டில் படிப்பது லேசான காரியம் அல்ல. பாடம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வீட்டு வேலையும் அதே வீட்டில்தான் இருக்கிறது. மாமியாருக்குக் காய்ச்சல். கம்பெனியில் ஓவர்டைம். ஒரு நாள் இன்டர்நெட் படுத்துக்கொண்டது. வாராந்திரக் கணக்கின் கடைசித் தேதியோ யாருக்காகவும் காத்திருப்பது இல்லை. இரண்டாவது வாரக் கணக்கை அவள் பாதிதான் முடித்தாள்.

கணவன் ஒருநாள் கேட்டான்: "இந்த வயசுல இது எதுக்கு?"

"ஏனுங்க, அடுத்த வருசமும் இதே வயசா இருக்கப் போறேன்?" என்றாள்.

மறுநாளிலிருந்து ராத்திரிப் பாத்திரம் அவன் கையில்.

ஏமாறக் கூடாத இடம்

இது பி.டெக். அல்ல. வேறு பட்டம். இதைச் சொல்லாமல் "ஐ.ஐ.டி. சீட்" என்று மட்டும் யாராவது சொன்னால் உஷாராக இருக்க வேண்டும். நாலு வாரப் பாடத்தை நடத்துவது ஐ.ஐ.டி.யே. "நாங்கள் சேர்த்துவிடுகிறோம்" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

செலவும் இருக்கிறது. விண்ணப்பத்துக்கே கட்டணம் உண்டு. சேர்ந்த பிறகு, எடுக்கும் பாடத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். குடும்ப வருமானத்துக்கும் பிரிவுக்கும் ஏற்பக் கட்டணச் சலுகை தருகிறார்கள். நடுவிலே நிறுத்தினாலும் எல்லாம் வீண் அல்ல. அடிப்படைப் பாடங்களை முடித்தால் சான்றிதழ், அடுத்த கட்டம் முடித்தால் டிப்ளமோ, அதன் பிறகு பட்டம் என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள்.

பரீட்சை நாள்

பாடம்தான் வீட்டில். பரீட்சை வீட்டில் அல்ல. குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போக வேண்டும். அடையாள அட்டை, ஹால் டிக்கெட் எல்லாம் வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலு பாடத்தையும் 4 மணி நேரத்தில் எழுத வேண்டும்.

அவள் கோயமுத்தூர் பஸ் ஏறினாள். பரீட்சை ஹாலில் அவளைச் சுற்றிப் பிளஸ் 2 முடித்த பிள்ளைகள். ஒரு பெண் அவளைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து, "மேடம், என் நம்பர் எங்கே?" என்று கேட்டது! "எனக்கும் அதுதான் தெரியலை, வா தேடலாம்" என்றாள்.

ராத்திரி 9 மணிக்கு வீடு திரும்பினாள். பையன் வாசலிலேயே நின்றான்.

"அம்மா! கயிறுக் கணக்கு வந்துச்சா?"

"வந்துது. கயிறுக்குப் பதிலா வேலி போட்டிருந்தான்."

"போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்ப பாஸா?"

"இன்னும் ரிசல்ட் வரலை கண்ணு. நீ போய் உன் கணக்கு நோட்டை எடுத்துட்டு வா. நாளைக்கு உனக்கும் பரீட்சைதானே?"