கூரை நீரும் ஏரி நுரையும்

பெங்களூர் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்திருக்கிறது. ஆகவே இங்குப் பெய்யும் மழை இங்கு நிற்பதில்லை. ஒரு பகுதி விருஷபாவதி வழியே அர்க்காவதியில் விழுந்து காவிரியைச் சேர்கிறது. கோரமங்கலா, ஹெப்பாள் பள்ளத்தாக்குகளில் இறங்கும் பகுதி தென்பெண்ணையாற்றை அடைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குள் புகுகிறது. அவ்வணையின் மதகுகளில் நுரை பொங்கி வழிந்த காட்சியைத் தமிழ்நாட்டார் பன்முறை கண்டிருக்கின்றனர். நம் வீட்டு மாடியில் விழும் துளிக்கும் அந்த நுரைக்கும் உறவு உண்டா?

நுரைக்கு முதற் காரணம் மழையன்று. சலவைத்தூள் கலந்த கழிவுநீரே. ஆனால் அது நீர்நிலைகளை எவ்வாறு அடைகிறது என்பதைக் காண வேண்டும். பாதாளச் சாக்கடை கழிவுநீருக்கு உரியது. கன்னடத்தில் 'ராஜகாலுவே' எனப்படும் பெருங்கால்வாய்களோ மழைநீரை ஏரிக்கு ஏரி கொண்டு செல்ல ஏற்பட்டவை. சாக்கடைக் குழாயின் அளவு அன்றாடக் கழிவுக்கே கணக்கிடப்பட்டது. வீட்டுக்காரர் பலர், எளிதென்று கருதி, மாடியின் வடிகுழாயை அச்சாக்கடையிலேயே இணைத்து விடுகின்றனர். மாலையில் இடியுடன் ஒரு மழை பெய்தால் குழாய் கொள்வதில்லை. தெருவில் சாக்கடைக் குழியின் மூடி உயர்ந்து, கழிவு முழுவதும் ராஜகாலுவேக்குள் பாய்கிறது. தெருவில் விடப்படும் கூரை நீரும் வண்டிகளின் எண்ணெயையும் குப்பையையும் வாரிக்கொண்டு அங்கேயே சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியது நாடறிந்த செய்தி. கடலுக்குள் வடவைத் தீ உண்டென்று புராணம் கூறும். ஏரியின்மேல் தீயை நம் நகரம் காட்டிற்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர். இங்கு ஆண்டு மழை ஏறக்குறைய 970 மில்லிமீட்டர். எனவே 97,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 75,000 லிட்டருக்குக் குறையாது. காவிரி நீரையோ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிறோம்.

செய்முறை கடினமன்று. பறவை எச்சமும் தூசியும் கரைந்து வரும் முதல் மழைநீரைத் தனியே வெளியேற்ற வேண்டும். பின்வருவதை மணலும் கூழாங்கல்லும் இட்ட வடிகட்டியின் வழியாகச் 'சம்ப்' என்று நாம் வழங்கும் நிலத்தடித் தொட்டிக்குள் விடலாம். தொட்டி நிரம்பியபின் மிகுவதைச் சிமெண்டு உறைகள் இறக்கிய ஊறல் கிணற்றில் செலுத்துவது நன்று. இக்கிணறுகளைத் தோண்டுவதில் 'மண்ணு வட்டர்' என்னும் மரபுவழித் தொழிலாளர் தேர்ந்தவர். தெருநீரை மட்டும் அக்கிணற்றில் விடலாகாது. விட்டால் ஏரிக்குச் செல்லும் நஞ்சை நிலத்தடி நீருக்கு அனுப்பியவர்களாவோம்.

2009ஆம் ஆண்டில் குடிநீர் வாரியச் சட்டம் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் இவ்வமைப்பு கட்டாயமாயிற்று. சட்டம் வேண்டியதே. ஆயினும் அபராதத்திற்கு அஞ்சிக் குழாய் பொருத்தியோர் பின்னர் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வடிகட்டி அடைபட்டால் நீர் மாடியில் தேங்கும்; உடனே யாரேனும் குழாயைக் கழற்றிப் பழையபடி சாக்கடையில் விடுவர். ஏப்ரல் மாதத்துக் கோடை மழைக்கு முன் ஒருமுறையும், மிகுமழை மாதங்களாகிய செப்டம்பர், அக்டோபருக்கு முன் ஒருமுறையும் மணலைக் கழுவி, மாடியைப் பெருக்கிவிட்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலைதான்.