செய்தியும் அரசியலும் தோட்டத்து மக்களும்



பெரட்டு முடிந்து, வெட்டுக்குப் போய், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு, தோட்டத்தில் செய்தித்தாள் படிக்கப்பட்ட விதம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இருப்பது ஒரே தாள். படிக்கத் தெரிந்தவர் ஒருவர், சுற்றிலும் உட்கார்ந்து கேட்பவர் பத்துப் பதினைந்து பேர். படிப்பவர் தோட்டப் பள்ளி ஆசிரியராக இருப்பார். இல்லையென்றால் ஆறாம் வகுப்பு வரை படித்த ஒரு பையன். தலைநகரில் எடுக்கப்பட்ட முடிவு அந்தத் திண்ணைக்கு வந்து சேரும் வழியில் எத்தனை கைகள் அதைத் தொட்டன என்று அப்போது யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கிள்ளானிலிருந்து தொடங்குவோம். கோலாலம்பூரில் 1924-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாளேடு தமிழ் நேசன். அதில் துணையாசிரியராகப் பணிபுரிந்தவர் ஆர்.எச். நாதன். அவர் எழுதுவதோடு நின்றுவிடவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். அந்நாளில் தோட்டத்து ஆண் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 50 காசு அளவில் இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கிடைத்தது அதைவிடக் கூடுதல். போர்க்காலமாதலால் ரப்பருக்கோ நல்ல கிராக்கி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது.

அவர்கள் கேட்டது சம்பளம் மட்டுமன்று. துரையையோ கிராணியையோ கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்றார்கள். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும் கேட்டார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கை சிறியதாகத் தோன்றும். ஆனால் தோட்டம் தனியார் நிலம். யார் உள்ளே வரலாம் என்பதை நிர்வாகம் முடிவு செய்தது. மனிதர் வரும் வழியில்தான் செய்தியும் வரும். வாசலை அடைத்தவருக்குச் செய்தியை அடைப்பதும் எளிது. கேட்டவர்கள் இதை நன்றாக அறிந்தே கேட்டார்கள் என்பது நம் எண்ணம்.

சம்பளம் பத்துக் காசு கூடியது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதை எதிர்த்து வேலைநிறுத்தம் மேலும் பரவவே, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐந்து பேர் உயிரிழந்தனர். ஒரு பத்திரிகைக்காரரை நாட்டைவிட்டே அனுப்ப வேண்டும் என்று ஓர் அரசாங்கம் நினைத்தது என்றால், அவருடைய பேனாவும் பேச்சும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று அது கணக்குப் பார்த்திருக்கிறது.

இது நம்மை ஆண்டவர்களின் சொந்த ஊரிலும் நடந்ததுதான். 1926-ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது அச்சுத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். உடனே அரசாங்கமே ஒரு தாளை வெளியிட்டது; அதை நடத்தியவர் வின்ஸ்டன் சர்ச்சில். தொழிற்சங்கங்கள் தங்களுக்கென வேறொரு தாளை அச்சிட்டன. அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்த பி.பி.சி. வானொலியோ, எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டைப் பேச விடவில்லை. வானொலியில் பேசும் நாமே இதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

இனி நம் ஜொகூருக்கு வருவோம். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் அளவுதான். அந்தப் பக்கத்தில் கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கினார். முதலில் அது வார இதழ். விலை ஒரு காசு. கையில் காசில்லாதவனும் வாங்க வேண்டும் என்பதற்காக வைத்த விலை அது. ஐம்பதுகளில் அவர் தம் தாளின் வழியாக, சிங்கப்பூர் இந்தியர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தினார்.

இப்பக்கத்திலும் அதே கேள்வி எழுந்தது. 1957 ஆகஸ்டு 31-இல் மலாயா விடுதலை பெற்றது. போதிய ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள் அதன்பின் ஓராண்டுக்குள் மனுச் செய்தால், மலாய்மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமை பெறலாம் என்று வழி செய்யப்பட்டது. ஓராண்டு என்பது பட்டணத்தில் இருப்பவருக்கு நீண்ட காலம். சாலையிலிருந்து பல மைல் உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தவருக்கு அப்படியன்று. சிலருக்குச் செய்தி வந்து சேரவில்லை. சிலருக்கு வந்தது, ஆனால் காட்டுவதற்குப் பிறப்புச் சான்றோ வேறு காகிதமோ இல்லை. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தவர்களும், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படி அலுவலகம் போவது என்று தள்ளிப் போட்டவர்களும் உண்டு.

விளைவு பின்னால் தெரிந்தது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாகியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர், இங்கேயே பால் வெட்டி, இங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், வேலையை இழந்தார்கள். அந்த ஆண்டுகளில் சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் உறவினர்களில் யாரேனும் ஒருவர் அந்தக் கணக்கில் இருப்பார். பெரியப்பா இங்கே, சித்தப்பா அங்கே என்று பிரிந்துபோன குடும்பங்கள் பல அன்று பிரிந்தவையே. செய்தி வந்தது, வரவில்லை என்பதற்கு இவ்வளவு பெரிய விலை உண்டு.

இதற்கிடையில் 1965-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. பின்னர் இரு நாடுகளும் ஒன்றின் நாளிதழ் மற்றதில் விற்கப்படுவதை நிறுத்திவிட்டன. நம் கண்ணுக்கு எதிரே தெரியும் ஊரின் தமிழ்த் தாள் நமக்குக் கடையில் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், அவ்வூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 ஜொகூர் பாருவில் நன்றாகவே கேட்கிறது. காற்றை நிறுத்த முடியவில்லை!

நாட்டுக்குள்ளும் தாள்களுக்குக் கடிவாளம் இருந்தது. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி அரசாங்க அனுமதியின்றி நாளிதழ் நடத்த முடியாது. 2012-இல் சட்டம் திருத்தப்படும் வரை அந்த அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் ஓர் ஆங்கிலத் தாள், ஒரு சீனத் தாள், ஒரு மலாய்த் தாள் ஆகிய மூன்றின் அனுமதி பறிக்கப்பட்டு, மறு ஆண்டு மார்ச்சில்தான் திரும்பக் கிடைத்தது. தலைக்குமேல் இப்படி ஒரு கத்தி தொங்கும்போது, ஆசிரியர் எழுதுவதைவிட எழுதாமல் விடுவதே அதிகமாக இருக்கும். உரிமையாளரும் ஒரு கை அல்லவா? தமிழ் நேசன் பின்னாளில் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்தாரிடம் இருந்தது. கட்சித் தலைவர் வீட்டுத் தாளில் கட்சித் தலைவரைப் பற்றி என்ன வரும், என்ன வராது என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் 2019-இல் அது நின்றபோது, தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் தமிழில் வந்துகொண்டிருந்த ஒரு தாள் போய்விட்டதே என்ற வருத்தம் நமக்கு இருந்தது.

அச்சுக்கு அனுமதி வேண்டும், இணையத்துக்கு வேண்டியதில்லை. அந்த இடைவெளியில்தான் மலேசியாகினி 1999-இல் பிறந்தது. தனி மனிதர்களும் கணினியில் தங்கள் கருத்தை எழுதத் தொடங்கினார்கள். 2007 நவம்பர் 25-இல் ஹிண்ட்ராப் பேரணிக்காகக் கோலாலம்பூரில் இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அந்தப் படங்கள் மறுநாள் தாளுக்காகக் காத்திருக்கவில்லை. 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில், 1969-க்குப் பிறகு முதன்முறையாக, ஆளுங்கட்சி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. இணையத்தைக் குறைத்து மதிப்பிட்டது தவறு என்று பிரதமர் அப்துல்லா படாவியே ஒப்புக்கொண்டார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. அத்தனையையும் கணினியின் தலையில் கட்டுவது சரியன்று.

இன்று நம் பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசிக்கு நாள் முழுவதும் செய்தி வருகிறது. யார் எழுதியது, எந்த நாளில் எழுதியது என்ற இரண்டும் இல்லாமல் வருவதே பெரும்பகுதி. பழைய தாளில் ஆசிரியர் பெயரும் அச்சகத்தின் முகவரியுமாவது இருந்தன. தவறு வந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று தெரிந்தது.

ஒரு கணக்கைச் சொல்லி முடிப்போம். 2022 மார்ச் 12-இல் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. பதினெட்டு வயதானவர்கள் நாட்டில் முதன்முதலாக வாக்களிக்கக்கூடிய தேர்தல் அதுதான். யாரும் மனு எழுதிப் போட வேண்டியதில்லை. பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தது. ஆயினும் நூற்றுக்கு 55 பேர் அளவில்தான் வாக்களித்தார்கள். தோட்டத்தைவிட்டு வெளியேறிப் பட்டணத்துக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர், அடையாள அட்டையில் உள்ள பழைய முகவரிப்படியே இன்னும் பட்டியலில் இருக்கக்கூடும். தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால், எந்தத் தொகுதியில் வாக்கு இருக்கிறது என்று உடனே தெரியும். வீட்டில் பதினெட்டு வயது நிரம்பியவர் இருந்தால், இன்று இரவே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் எண்ணையும் கூடவே பார்த்துவிடச் சொல்லுங்கள்.