கயிற்றை விட்டால் எங்கே போகும்?

பட்டம் விடுவது என்பது நம் வீடுகளில் பையன்கள் சமாசாரம். மொட்டை மாடியில் நாலு பையன்கள் ஏறினால், "ஜாக்கிரதைடா, கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகாதே!" என்று அம்மா கீழேயிருந்து ஒரு குரல் கொடுப்பாள். அதோடு சரி. பட்டம் பிள்ளையையே இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று எந்த அம்மாவும் கவலைப்பட்டதில்லை.

இப்போது அந்தக் கவலைக்கும் காலம் வந்துவிட்டது. ஆளை இழுப்பதற்கென்றே ஒரு பட்டம் இருக்கிறது. அதை வைத்து ஆடும் ஆட்டத்துக்குக் கைட்போர்டிங் என்று பெயர். இடுப்பில் அகலமான ஒரு வார்ப்பட்டை, காலடியில் ஒரு பலகை, கையில் ஒரு கட்டை, அந்தக் கட்டையிலிருந்து இருபது இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்கு நாலு கயிறுகள், அவற்றின் நுனியில் ஒரு பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்கிறது. பட்டம் ஆளை இழுக்கிறது. ஆள் அலைமேல் வழுக்கிக்கொண்டு போகிறார்.

இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான ஆட்டமும் அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டம் கட்டிய பலகைப் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. மார்சேய் நகரத்துக் கடலில் நடந்த அந்தப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த எல்லி ஆல்ட்ரிட்ஜ். நம் பக்கத்தில் ராமேசுவரத்தை ஒட்டிய கடற்கரைகளிலும், இலங்கையில் கற்பிட்டியிலும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆகவே ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் உங்கள் வீட்டுப் பெண், "அம்மா, நான் கைட்போர்டிங் பழகப் போகிறேன்" என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

"நீச்சல் தெரியுமாடி உனக்கு?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வியாக இருக்கும். நியாயமான கேள்விதான். நீச்சல் தெரியாமல் இதில் இறங்கவே கூடாது. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று உண்டு: "எந்த இடத்தில் பழகப் போகிறாய்? நீ கயிற்றை விட்டுவிட்டால் அந்தப் பட்டம் எங்கே போய் விழும்?"

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி அபாயம் நீங்கிய மாதிரி.

நாற்காலியில் பறந்த மகள்

பட்டத்தின் பலத்தைச் சாமானியமாக எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் பொக்காக் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். பட்டம் என்றால் அவருக்குப் பைத்தியம். 1820-களில் அவர் தம் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அதைப் பெரிய பட்டத்தில் கட்டி ஆகாயத்தில் ஏற்றினார்! பெண் பத்திரமாக இறங்கினாள். பிற்காலத்தில் கிரிக்கெட் உலகின் பீஷ்மர் என்று சொல்லத்தக்க டபிள்யூ. ஜி. கிரேஸுக்குத் தாயாரானவள் அவள்தான். பொக்காக் அதோடு நிற்கவில்லை. குதிரைக்குப் பதில் பட்டம் இழுக்கும் வண்டி ஒன்றைச் செய்து, 1826-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

1903-ல் சாமுவேல் கோடி என்பவர் ஒரு சிறிய படகில் பட்டத்தைக் கட்டி, பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கால்வாயைக் கடந்தார். 1984-ல் பிரான்ஸ் தேசத்து லெகெய்னூ சகோதரர்கள் இருவர், காற்றடைத்த குழாய்களோடு கூடிய ஒரு பட்டத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். தண்ணீரில் விழுந்தாலும் முழுகாமல் மிதந்து மறுபடியும் எழும்பும் பட்டம் அது. இன்றைய கைட்போர்டிங்குக்கு அதுவே அஸ்திவாரம்.

பெண்ணை நாற்காலியோடு தூக்கிய பலம் இன்றைய பட்டத்துக்கும் உண்டு. அதனால்தான் இதைக் கற்றுக்கொள்பவர்கள் எடுத்த எடுப்பில் கடலில் இறங்குவதில்லை. முதலில் ஒரு குட்டிப் பட்டத்தை, அதாவது இரண்டு மூன்று சதுர மீட்டர் பரப்புள்ள பயிற்சிப் பட்டத்தை, தரையில் நின்று விட்டுப் பழகுகிறார்கள். கை பழகிய பிறகுதான் தண்ணீர். பலகை அதற்கும் பிறகு.

பாதிக் குடை

இடம் எப்படித் தேடுவது என்பதற்கு முன்னால் பட்டத்தின் குணத்தைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடது கையிலிருந்து வலது கைவரை, தரையிலிருந்து தலைக்கு மேல்வரை, உங்களுக்கு எதிரே பாதிக் குடை ஒன்றை விரித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டம் அந்தப் பாதிக் குடைக்குள்தான் பறக்கும். அதன் விளிம்பில், அதாவது தலைக்கு நேர் மேலேயோ இரண்டு பக்க ஓரங்களிலோ இருக்கும்போது பட்டம் சாதுவாக இருக்கும். குடையின் நடுவே, உங்கள் கண்ணுக்கு நேராகத் தாழ்ந்து பாய்ந்தால் போயிற்று! மூக்கணாங்கயிறு அறுந்த காளைதான். ஆளைக் குப்புறத் தள்ளி இழுத்துவிடும்.

சுவர்க் கடிகாரத்தை எதிரே வைத்துப் பார்த்தால் இது இன்னும் சுலபமாக விளங்கும். தலை உச்சி 12 மணி. பக்கவாட்டு ஓரங்கள் 9 மணியும் 3 மணியும். புதிதாகப் பழகுபவருக்கு முதல் பாடம், பட்டத்தை 11-க்கும் 1-க்கும் இடையே மெதுவாக நகர்த்தி, நடுவே இறங்கிவிடாமல் நிறுத்தி வைப்பது. கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால் தோசை திருப்பக் கற்றுக்கொண்ட முதல் நாள் ஞாபகத்துக்கு வரும்! பதற்றத்தில் கட்டையை இறுக்கி இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. இழுக்க இழுக்கப் பட்டம் வேகமாகத் திரும்பி, நேரே நடுவில் வந்து பாய்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுப்பு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு! மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் பூனையாக இருந்த பட்டம், 30 கிலோமீட்டர் காற்றில் புலியாகிவிடும். ஆகவே பழகுவதற்கு மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக வீசும் காற்றே உத்தமம்.

காலி இடம் என்றால் என்ன?

இனி இடத்துக்கு வருவோம். "ஊருக்கு வெளியே எத்தனையோ பொட்டல் கிடக்கிறதே!" என்று தோன்றும். வாஸ்தவம்தான். ஆனால் வெறும் காலி இடம் போதாது. காற்று போகிற திசையில் காலியாக இருக்க வேண்டும். அதுதான் சூட்சுமம்.

முன்போலவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று எதிரே பாருங்கள். பட்டம் கைவிட்டுப் போனாலும் அந்தப் பக்கம்தான் போகும். ஆள் இழுபட்டாலும் அந்தப் பக்கம்தான் போவார். அங்கே குறைந்தது நூறு மீட்டருக்காவது ஒன்றுமே இருக்கக் கூடாது. மின்சாரக் கம்பி கூடாது, ரஸ்தா கூடாது, ரயில் பாதை கூடாது, மரம், வேலி, பாறை, கட்டடம் கூடாது. முக்கியமாக, மனிதர்கள் கூடாது. மின்கம்பியில் கயிறு சிக்கினால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். அதைத் தொடவே கூடாது.

சரி, முதுகுப் பக்கம்? அதையும் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். காற்று வரும் வழியில் ஒரு கட்டடமோ தோப்போ இருந்தால், அதைத் தாண்டி வரும் காற்று சுழன்று, விட்டுவிட்டு அடிக்கும். பட்டம் ஒரு நிமிஷம் தொங்கும், மறு நிமிஷம் வெடுக்கென்று இழுக்கும். கட்டடத்தின் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். விடுமுறை நாளில் பள்ளிக்கூட மைதானம் காலியாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பக்கமும் மதில், ஒரு பக்கம் மூன்று மாடிக் கட்டடம் என்றால் அது சரிப்படாது. கோடையில் வற்றிய ஏரியின் மண்தரை இதைவிட மேல். ஆனால் அங்கேயும் குறுக்கே உயரழுத்த மின்கம்பி ஓடுகிறதா, கரையோரம் பனைமரங்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எந்தப் பட்டமும் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கரையும் காற்றும்

கடற்கரைதான் இதற்கு ஏற்ற இடம் என்றாலும், எல்லாக் கடற்கரையும் எல்லா நேரமும் ஏற்றதல்ல. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இருக்கிறதே, அதுதான் பரம விரோதி. அலை அடங்கிக் கடல் சாதுவாகத் தோன்றும். ஆனால் தவறினால் ஆளை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும். இதற்கு நேர் எதிராக, கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கும் காற்று ஆளைக் கரையில் உள்ள மரத்தின்மேலும் சுவரின்மேலும் மோதவிடும். இரண்டுக்கும் நடுவே, கடலிலிருந்து சாய்வாகக் கரையை நோக்கி வரும் காற்றுதான் புதியவர்களுக்குத் தோழன்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் காலையில் மேற்கேயிருந்து தரைக்காற்று வீசும். அது கடலை நோக்கிப் போகிற காற்று. பிற்பகலில்தான் கிழக்கேயிருந்து கடற்காற்று உள்ளே வரும். ஒரே கரை, ஒரே நாள். காலையில் அபாயம், மாலையில் வேறு கதை! ஆனால் அந்த மாலைக் காற்று வரும் நேரத்தில் பாதிச் சென்னை மெரினாவில் காற்று வாங்க வந்துவிடுகிறது. சுண்டல் விற்கும் பையனும், மணலில் ஓடும் குழந்தைகளும் நிறைந்த இடத்தில் இந்தப் பட்டத்துக்கு வேலையே இல்லை.

ராமேசுவரத் தீவைப் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று வடகரையை நோக்கி வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று தென்கரையை நோக்கி வருகிறது. அதாவது மாதத்துக்கு ஏற்றபடி கடலை மாற்றிக்கொள்ளலாம்! அந்தக் காற்றுக்கு எதிர்க்கரைக்குப் போனாலோ, அதே காற்று கடலுக்குள் தள்ளும் காற்றாகிவிடுகிறது. இடம் நல்ல இடமா என்பது இடத்தை மட்டும் பொறுத்ததல்ல, நேரத்தையும் பொறுத்தது.

இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் உள்ள கற்பிட்டிக்கு வெளிநாட்டார் தேடி வருவதற்கும் காரணம் இதுதான். அங்கே கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுக்கமான மணல்திட்டு. தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் திட்டைத் தாண்டிச் சீராக வருகிறது. அலைகள் மட்டும் வெளியே நின்றுவிடுகின்றன. திட்டையொட்டி, விழுந்தால் எழுந்து நிற்கும் அளவுக்கே ஆழமுள்ள தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் பழகுபவருக்குப் பயம் பாதியாகக் குறைகிறது. அடியில் பாறையோ கூரிய சிப்பியோ இல்லாமல் இருந்தால் மீதிப் பாதியும் போகும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இந்தக் கரைகள் மீனவர்களின் அன்றாடப் பிழைப்பு நடக்கும் இடங்கள். வலை காய்கிற மணலும், படகு வந்து ஏறுகிற துறையும் நம் கண்ணுக்குக் காலியாகத் தோன்றலாம்; அவை காலி அல்ல. அவர்களைக் கேட்டுக்கொண்டு விலகி நின்று பழகுவதே மரியாதை. காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்களும் இல்லை.

கைவிடக் கற்றுக்கொள்வது

மாஞ்சாக் கயிற்றால் கழுத்தறுபட்ட பரிதாபங்களை நாம் அறிவோம். கண்ணாடித் தூள் பூசிய நைலான் கயிற்றைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நாடு முழுவதும் தடை செய்தது. கைட்போர்டிங் கயிற்றில் மாஞ்சா கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு கயிறும் 200 கிலோவுக்கு மேல் தாங்கக்கூடியது. இழுபட்டு விறைத்து நிற்கும்போது அது விரலையும் அறுக்கும், குறுக்கே வரும் ஆளையும் அறுக்கும். அதனால்தான் ஆள் இல்லாத இடம் வேண்டும் என்று மறுபடியும் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் விசாரிக்க வேண்டியவை இவை: கற்றுக்கொடுப்பவர் முறையாகப் பயிற்சி பெற்றவரா? தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் தருகிறாரா? முதல் நாளில் குட்டிப் பட்டமா, பெரிய பட்டமா? மேகம் கறுத்தால் உடனே பட்டத்தை இறக்கச் சொல்வாரா? இடி மழைக்கு முன்னால் வரும் காற்று ஒரே நிமிஷத்தில் பல மடங்காகப் பெருகும். ஆட்களைத் தூக்கி எறிந்து உயிரைக் குடித்த விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டத்தை இடுப்புப் பட்டையிலிருந்து சட்டென்று கழற்றிவிடும் பொறியைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கும் அளவுக்குப் பழக்குகிறாரா?

இந்த ஆட்டத்தில் பிடிப்பதைவிட விடுவதற்குத்தான் தைரியம் வேண்டும். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய பட்டம் போய்விடுமே என்று பிடித்துக்கொண்டிருப்பவர்தான் ஆபத்தில் மாட்டுகிறார். காலியான இடத்தில் நிற்பவருக்கு அந்தத் தயக்கம் இராது. விட்டால் மணலில் போய் விழும். நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். நல்ல இடத்தின் லட்சணம் இவ்வளவுதான்.

ஆகவே, பெண் வந்து கேட்டால் "கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். "முதலில் இடத்தைக் காட்டு, நானும் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிஷம் நில்லுங்கள். எதிரே மணலும் வானமும் தவிர வேறொன்றும் தெரியவில்லையென்றால், தாராளமாகச் சம்மதம் கொடுக்கலாம். அந்தச் சமயத்தில் புடவைத் தலைப்பை மட்டும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு பட்டம்தான்!