மடிப்பும் அடுக்கும்: உலோகத் துருத்தி பற்றிய ஒரு விளக்கம்

துருத்தி என்றவுடன் கொல்லனின் உலைக்களமே நம் நினைவுக்கு வரும். குறுந்தொகையின் 172ஆம் பாடல், ஏழு ஊர்களின் வேலையை ஏற்று ஓயாது உழைக்கும் ஓரூர் உலைத் துருத்தியைத் தலைவியின் நெஞ்சுக்கு உவமையாக்குகிறது. அங்கு அதன் பெயர் ‘மிதிதோல்’. செய்பொருளாலும் செயலாலும் அமைந்த பெயர் அது.

இன்றைய பொறியியலில் மெல்லிய உலோகக் குழாயை மடிப்பு மடிப்பாக நெளித்துச் செய்த உறுப்பையும் துருத்தி என்றே வழங்குகிறோம். வடிவ ஒப்புமையால் வந்த பெயர் இது. ஆனால் இத்துருத்தியின் தொழில் காற்றை ஊதுவதன்று. உள்ளிருப்பது கசியாதபடி நீண்டும் சுருங்கியும் கொடுப்பதாகும். இருபது மீட்டர் நீள எஃகுக் குழாய் 150 பாகை செல்சியசு கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளும். அந்நீட்சியை ஏற்க இடமில்லையெனில் குழாயோ அதைத் தாங்கும் சுவரோ சிதையும். ரிங்லெட்டுத் தேயிலைத் தொழிற்சாலையாயினும் மின்நிலையமாயினும், சூடேறும் குழாய் உள்ள இடமெங்கும் இவ்விதி பொருந்தும்.

இங்கே மாணவர் மயங்கும் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். குழாயின் நீளவாக்கில் காணும் நெளிவு ‘மடிப்பு’. அதன் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தகடு ‘அடுக்கு’. பத்து மடிப்புகளுடைய துருத்தியும் ஒற்றையடுக்காக இருக்கலாம். ‘பல மடிப்பு’ என்பதைப் ‘பல்லடுக்கு’ என்று கொண்டால், வேறோர் உறுப்பே பொருத்தப்பட்டுவிடும்.

ஒரு தடித்த அட்டையை வளைத்துப் பாருங்கள். பின்னர் அதே தடிமனுள்ள தாள் கட்டை வளையுங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் கட்டு எளிதில் வளையும். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கேற்ப அமைகிறது. ஆகவே மொத்தத் தடிமன் மாறாமல் ஒரு தகட்டை இரண்டாக்கினால் விறைப்பு நான்கில் ஒரு பங்காகவும், மூன்றாக்கினால் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறையும். ஒவ்வொரு தகட்டிலும் வளைவால் தோன்றும் தகைவும் குறைவதால், துருத்தி பன்மடங்கு முறை நீண்டு சுருங்கத் தாங்கும். தகடுகளின் உராய்வு அதிர்வையும் ஓரளவு தணிக்கும்.

ஆயினும் நெகிழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. உள்ளழுத்தம் மிகுந்தால் துருத்தி பக்கவாட்டில் வளைந்து நெளியும். அந்நிலையைத் தடுப்பது விறைப்பே; விறைப்புக் குறையின் தாங்கும் அழுத்தமும் குறையும். எனவே பொறியாளர் அடுக்குகளைக் கூட்டி மொத்தத் தடிமனை உயர்த்துவர், மடிப்புகளைக் குறைப்பர். துருத்திக்குத் தக்க தாங்கலும் வேண்டும். 1974 சூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ வேதித் தொழிற்சாலையில், இரு துருத்திகளுக்கிடையே போதிய தாங்கலின்றிப் பொருத்தப்பட்ட தற்காலிகக் குழாய் பெயர்ந்தது. கசிந்த ஆவி வெடித்து 28 பேர் மாண்டனர்.

ஒற்றையடுக்குத் துருத்திக்கும் சிறப்புகள் உள. அதைச் செய்வதும் பற்றவைப்பதும் சோதிப்பதும் எளிது. அரிப்பு சிறிது தின்றாலும் எஞ்சிய தடிமன் தாங்கும். பல்லடுக்கில் மெல்லிய தகடு விரைவில் துளைபடலாம். தகடுகளுக்கிடையே தங்கும் ஈரமும் கேடு செய்யும். அதே வேளையில், இரு அடுக்குகளின் இடைவெளியைக் கண்காணித்தால், உள்தகடு விரிசலுற்றதை வெளித்தகடு உடையுமுன்னரே அறியலாம்.

இவ்வறிதல் உயிர்காக்கும் இடங்கள் உண்டு. கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையின் குளிர்விப்பான் உருகிய சோடியம். அது காற்றுப்பட்டால் எரியும்; நீர்பட்டால் வெடிக்கும். அத்தகைய அமைப்புகளில் வால்வின் தண்டைச் சூழ்ந்து பற்றவைக்கப்படும் துருத்தி, தண்டு அசையினும் சோடியம் வெளிவராமல் காக்கிறது.

ஆகவே எது சிறந்தது என்று வினவுவதினும், எங்கே, எத்தனை அசைவுக்கு, எவ்வழுத்தத்திற்கு என்று வினவுவதே முறை. அசைவு மிகுதியாயின் பல்லடுக்கு. அரிப்பு மிகுதியும் அசைவு குறைவுமாயின் ஒற்றையடுக்கு. வகுப்பறையில் இதை விளக்கும் ஆசிரியர் முதலில் மடிப்பையும் அடுக்கையும் கரும்பலகையில் தனித்தனியே வரைந்து காட்டுதல் நலம்.