சர்வர் பதில் சொல்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை

2021ஆம் ஆண்டு மே 26, நண்பகல் 12 மணி. அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கான இணையப் பதிவு திறந்தது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பிற மாநிலங்களிலும் மக்கள் ஒரே நேரத்தில் ஒரே முகவரியைத் தட்டினார்கள். பலருக்குப் பக்கம் திறக்கவே இல்லை. 9 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நிரம்பின. பொறுப்பிலிருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின் இணையத்தளக் கோளாறுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லார் வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான். கோளாறு நம் வைஃபையிலா, அந்தப் பக்கத்திலா? பொறுமையிழந்து ரௌட்டரை அணைத்துப் போட்டால், அது மீண்டும் உயிர்பெறும் இரண்டு மூன்று நிமிடத்தில் கைக்கெட்டிய இடம் போய்விடும். இந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் விடை சொல்லும் கருவி ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் இருக்கிறது. தேடல் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முகவரியைக் கொடுத்தால் போதும். கட்டளையின் பெயர் 'பிங்'.

பெயர் வந்த கதையே ஓர் அறிவியல் பாடம். நீர்மூழ்கிக் கப்பல் ஓர் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு எதிரே இருப்பதை அறிகிறது. படிவம் 2 அறிவியலில் ஒலி அலைகள் படித்த எவருக்கும் இது தெரியும். அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், 1983 டிசம்பரில் கணினி வலையமைப்பு ஒன்று சரியாக ஓடாததைக் கண்டு, இதே முறையில் ஒரு நிரலை ஒரே மாலையில் எழுதிவிட்டார். சோனார் எழுப்பும் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார்.

கட்டளையைத் தட்டியதும் விண்டோஸ் நான்கு சிறு பொட்டலங்களை அனுப்பும். எத்தனை திரும்பின, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிவினாடி எடுத்தது என்று வரிவரியாகக் காட்டும். படிப்படியாகச் சோதிப்பது நல்லது. முதலில் 127.0.0.1, இது உங்கள் கணினி தன்னையே கூப்பிட்டுப் பார்ப்பது. அடுத்து உங்கள் ரௌட்டர். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். பிறகு கூகுளின் 8.8.8.8. கடைசியாகத்தான் நீங்கள் தேடும் தளத்தின் பெயர். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அதற்கு அருகில்தான் சிக்கல் என்று முதலில் சந்தேகிக்கலாம். எண்ணுக்குப் பதில் வந்து, எந்தத் தளத்தின் பெயரைக் கொடுத்தாலும் கணினி அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் சேவையில்தான் கோளாறு.

அந்த மில்லிவினாடிகளைச் சும்மா விடக் கூடாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்லும், அதாவது மில்லிவினாடிக்கு 200. சுங்கை பூலோவிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வர சுமார் 600 கிலோமீட்டர். குறைந்தது 3 மில்லிவினாடி. லண்டனுக்குப் போய்வர 100 மில்லிவினாடிக்குக் குறையாது. லண்டன் நிறுவனத் தளம் ஒன்று 5 மில்லிவினாடியில் பதில் சொன்னால், பதில் சொன்னது லண்டன் கணினி அல்ல, அருகில் எங்கோ இருக்கும் அதன் நகல் என்று முடிவு கட்டலாம். இயற்பியல் ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டாமல் இருப்பது எனக்கு வியப்புதான்.

ஆனால், பிங் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. சுகாதார நிலையத்தின் வாசலில் காவலாளி நிற்கிறார். "திறந்திருக்கிறதா?" என்று கேட்டால், "திறந்திருக்கிறது" என்பார். உள்ளே 200 பேர் காத்திருப்பதும், பதிவுச் சாளரத்தில் ஆள் இல்லாததும் அவர் பதிலில் இருக்காது. பிங்குக்குப் பதில் சொல்வது சர்வரின் இயங்குதளம். பக்கத்தைத் தயாரித்துத் தரும் நிரல் வேறு. இரண்டாவது மூச்சுத் திணறிக் கிடக்கும்போதும் முதலாவது ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். மறுபுறம், சில நிறுவனங்கள் பாதுகாப்புக்காக பிங்குக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று கட்டளையிட்டு வைத்திருக்கின்றன. அங்கே பதில் வராததால் சர்வர் படுத்துவிட்டது என்று பொருளில்லை.

பதிவுச் சாளரம்வரை போய் விசாரிக்கும் கட்டளை 'கர்ல்'. சுவீடன் நாட்டவரான டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் வெளியிட்டது. 2018 முதல் விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. சி, யு, ஆர், எல் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பெரிய 'ஐ' எழுத்தும் இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு முகவரியைக் கொடுங்கள். முதல் வரியில் வரும் மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள். 200 என்றால் எல்லாம் சரி. 301 அல்லது 302 என்றால் பக்கம் வேறு முகவரிக்கு மாறியிருக்கிறது. 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை. 503 என்றால் சர்வர் இருக்கிறது, சேவை தர முடியவில்லை. 503 வரும்போது ரௌட்டரை அணைத்துப் பயனில்லை. விடாமல் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் திணறும் சர்வர்மீது இன்னொரு சுமைதான்.

லினக்ஸ் சர்வரைப் பராமரிப்பவருக்கு 'அப்டைம்' என்ற கட்டளை உண்டு. கடைசியாகத் தொடங்கியதிலிருந்து எத்தனை நாள் ஓடுகிறது என்பதையும், கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிப் பளுவையும் அது காட்டும். பலர் முதல் எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். கவனிக்க வேண்டியவை அந்த மூன்று எண்கள்தான். நான்கு செயலி மையங்கள் உள்ள கணினியில் பளு 12 என்றால், அதன் சக்திக்கு மூன்று மடங்கு வேலை வரிசையில் நிற்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

சேவை நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் "99.9 விழுக்காடு" என்ற எண்ணையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 விழுக்காடு என்பது 8 மணி 45 நிமிடம். ஒரு தளம் ஆண்டு முழுவதும் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் முடங்கினால், அதன் மதிப்பெண் 99.98 விழுக்காட்டுக்கும் மேல். அந்த ஒரு மணி நேரம் நள்ளிரவு 3 மணியா, தடுப்பூசிப் பதிவு திறந்த நண்பகலா என்று அந்த எண் சொல்லாது.

வீட்டிலேயே தொடங்க நினைப்பவர்கள் பிங் கட்டளையின் முடிவில் இடைவெளி விட்டு ஒரு கோடும் சிறிய 'டி' எழுத்தும் சேர்த்து, தங்கள் ரௌட்டரையே இரவு 9 மணிக்கு ஐந்து நிமிடம் கூப்பிட்டுப் பார்க்கலாம். கன்ட்ரோல் விசையோடு சி எழுத்தை அழுத்தினால் நிற்கும். வரவேற்பறையில் ஒருமுறை, அறைக் கதவை மூடிக்கொண்டு ஒருமுறை. இரண்டு முறையும் வந்த இழப்பு விழுக்காட்டைக் குறித்து வையுங்கள்.