ஜூன் 5 வேண்டாம், ஐப்பசியில் நடுவோம்

சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்காகத் தல்லாகுளத்தில் கூட்டம் திரளும் நாட்களில்தான் மதுரை வெயிலும் உச்சத்தில் இருக்கும். அழகர்கோவில் சாலை நெடுக மக்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டுத் தாகம் தணிக்கிறார்கள். நிழலைத் தர மரம்தான் வேண்டும். அது வளரப் பல ஆண்டுகள் ஆகும். கன்று நடுவதில் இங்கே யாருக்கும் ஆர்வக் குறைவு இல்லை. அதற்கென்று தேர்ந்தெடுக்கும் நாள்தான் பொருந்தவில்லை. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்பதால் பள்ளிகளும் அலுவலகங்களும் சங்கங்களும் அன்றைக்கே குழி தோண்டுகின்றன. தெருமரம் பிழைப்பதும் சாவதும் நடும் பருவத்தையும், குழியையும், முதல் மூன்று கோடையில் கிடைக்கும் தண்ணீரையும் பொறுத்தது. இந்த மூன்றில் முதலாவதையே நாம் தொடர்ந்து தவற விடுகிறோம்.

ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை கொட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மதுரைக்கு ஜூன், ஜூலையில் வருவது சொற்பமே. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஆவணிக்கும் கார்த்திகைக்கும் இடையில் விழுகிறது. ஜூனில் நட்ட கன்று முதலில் சந்திப்பது ஆடிக் காற்றை. அந்தக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சுவதோடு, தண்டை ஆட்டி ஆட்டி, அப்போதுதான் மண்ணைப் பற்றத் தொடங்கிய இளவேர்களையும் அறுத்துவிடும். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நட்டால், பங்குனி வெயிலுக்கு முன் வேர் இறங்க ஐந்து மாதம் கிடைக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்களே என்று கேட்கலாம். அது உழுத நிலத்தில் போடும் விதைக்குச் சொன்னது. முளைக்கும் விதை வேரை முதலில் இறக்கும். பிளாஸ்டிக் பையில் வளர்ந்த ஆறடிக் கன்றுக்கோ இலை அதிகம், வேர் ஒரு கைப்பிடிதான். அதுவும் போக, இந்தப் பக்கத்து மானாவாரிக் கரிசல் காட்டில் உழவர்கள் நம்பியிருப்பது புரட்டாசிப் பட்டத்தை.

அடுத்தது குழி. நகரச் சாலையோரத்தில் நாம் தோண்டுவது பெரும்பாலும் மண்ணே அல்ல. ஜல்லி, சிமென்ட் கட்டி, ரோடு ரோலர் இறுக்கிய சரளை. 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட 7.3 கி.மீ. நத்தம் சாலைப் பறக்கும் பாலம் போன்ற பெரிய பணிகள் நடந்த இடங்களில் இந்த இறுக்கம் இன்னும் கூடுதல். அங்கே ஓர் அடிக் குழியில் செருகிய கன்றின் வேர் சுவரில் முட்டியதுபோல் உள்ளேயே சுற்றும். மூன்றடி நீள, அகல, ஆழத்தில் எடுத்து, செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, மேலே சருகோ தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போட வேண்டும். மரத்தைச் சுற்றி பேவர் பிளாக் பதித்து அடைப்பதும் கொலைதான். டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. ஒவ்வொரு நகரமும் அதைத் தனக்கான விதியாக எடுத்துக்கொள்ளலாம்.

குடிக்கவே தண்ணீர் போதாத ஊரில் மரத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் இருமுறை 20 லிட்டர் என்றால் ஒரு கன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 லிட்டர். வெறும் 10 சதுர மீட்டர் தார்ச்சாலையில் ஆண்டு முழுக்க விழும் மழை 8,500 லிட்டர்; அது சாக்கடையில் கலந்து ஓடுகிறது. சாலையோரக் கட்டைக்கல்லில் ஒரு திறப்பு விட்டு, குழியைச் சாலை மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்த்தினால், அதில் ஒரு பங்கு வேருக்குப் போகும். ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழையே பெறும் அமெரிக்காவின் டூசான் நகரில் இப்படித்தான் தெருமரம் வளர்க்கிறார்கள். மதுரைக்கு அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு மழை. மழை நின்ற மாதங்களில் மட்டும் வாளித் தண்ணீர் தேவைப்படும். அப்போதும் தினம் ஒரு குவளை தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு வாளி முழுக்க ஊற்றுவது நல்லது. ஈரம் ஆழத்துக்குப் போனால்தான் வேரும் ஆழத்துக்குப் போகும்.

மின்கம்பி, குறுகிய தெரு, வாசலை இடிக்கும் வேர் என்று சொல்லப்படும் தடைகள் உண்மையானவை. அவற்றுக்கு விடை மர வகையில் இருக்கிறது. கம்பிக்குக் கீழே புங்கமும் பூவரசும் போதும். அகலச் சாலைக்கு வேம்பு, இலுப்பை, மருதம். சீக்கிரம் வளர்ந்து பூக்கிறது என்று குல்மொஹரை நட்டால், பெருங்காற்றில் அதன் கிளைதான் முதலில் முறியும். ஆடு மாடு மேயாமல் இருக்க இரும்புக் கூண்டு கட்டாயம். தண்டு பருத்ததும் கூண்டைக் கழற்றுவதும் அதே அளவு கட்டாயம்.

பசுமைத் தமிழகம் இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காக வைத்தது. அந்த இலக்குக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது மூன்றாவது கோடையைத் தாண்டிய மரங்களை. மாநகராட்சி, நடும் செலவோடு மூன்றாண்டுப் பராமரிப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்க்கட்டும். பிழைத்த மரத்துக்கு மட்டும் கடைசித் தவணையைக் கொடுக்கட்டும். ஜூன் 5-ஐ அடுத்த நடவுக்குக் குழி தோண்டி மண்ணை ஆறவிடும் நாளாக வைத்துக்கொள்வோம். உங்கள் வாசலில் நட நினைக்கும் கன்றை ஐப்பசி முதல் மழை பெய்து மண் நனைந்த பிறகு நடுங்கள். அடுத்த மூன்று சித்திரைக்கும் அதற்கு ஒரு வாளித் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.