நெடுந்தொலைவு வேட்டைக் குண்டுகளின் சோதனை

நெடுந்தொலைவு வேட்டைக் குண்டுகளின் சோதனை என்பது, வேட்டைக்கான ரைபிள் குண்டு சில நூறு மீட்டர் தொலைவிலும் குறி தவறாமல் செல்கின்றதா, தாக்கியபின் விலங்கை விரைவாக வீழ்த்தும் வகையில் விரிகின்றதா என்பவற்றை அளந்தறியும் முறைகளைக் குறிக்கும். துல்லியமான தோட்டாவைக் கையால் நிரப்பி உருவாக்குவதும் இதன் ஒரு பகுதியாகும். இப்பழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக உள்ளது. இலக்குப் போட்டியில் குறி தவறினால் புள்ளி குறையும். வேட்டையில் குறி தவறினாலோ, குண்டு விரியாமல் ஊடுருவிச் சென்றாலோ, காயமுற்ற விலங்கு காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் துன்புற்று இறக்க நேரிடும்.

சொற்பொருள்

தமிழ் நாளிதழ்களில் தோட்டா, குண்டு, ரவை ஆகிய சொற்கள் ஒரே பொருளில் வழங்குகின்றன. இக்கட்டுரையில் தோட்டா என்பது பித்தளைக் கூடு, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த தொகுதியைக் குறிக்கும். குண்டு என்பது குழலை விட்டு வெளியேறிப் பறக்கும் பகுதி மட்டுமே. ரைபிள் என்பது குழலின் உட்சுவரில் திருகுபோல் மரைகள் வெட்டப்பட்ட துப்பாக்கி. இம்மரைகளே குண்டைச் சுழலச் செய்து, பறக்கும்போது அது தலைகுப்புறப் புரளாமல் காக்கின்றன.

வரலாறு

குண்டின் வேகத்தை முறையாக அளந்த முன்னோடி இங்கிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் ராபின்ஸ் ஆவார். தொங்கவிடப்பட்ட கனமான ஊசலின் மீது குண்டைச் சுட்டு, ஊசல் பின்வாங்கிய அளவிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் முறையை 1742 இல் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார். குண்டின் பாதையைப் பலரும் காற்றுத்தடையைப் பொருட்படுத்தாமல் பரவளையமாகவே கணக்கிட்டுவந்த காலம் அது. வேகமாகச் செல்லும் குண்டின் மீது காற்றுத்தடை மிகப் பெரிது என்பதை அவரது அளவீடுகள் காட்டின. கணிதவியலாளர் ஆய்லர் இந்நூலை விரிவான உரையுடன் 1745 இல் செருமானிய மொழியில் வெளியிட்டார். ராபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியியலாளராக இந்தியாவுக்கு வந்து, 1751 இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

அமெரிக்க மருத்துவர் பிராங்க்ளின் மான், ஒரே துப்பாக்கியிலிருந்து ஒரே விதமாகச் சுடப்பட்ட குண்டுகள் ஏன் ஒரே துளையில் விழுவதில்லை என்ற வினாவுக்குப் பல பத்தாண்டுகள் விடை தேடினார். சுடுபவரின் கைந்நடுக்கம் கணக்கில் சேராதிருக்கக் காங்கிரீட் மேடையில் குழலைப் பொருத்திச் சுட்டார். குண்டின் முனை சிதைவதைவிட அதன் அடிப்பகுதி சிதைவதே குறியை மிகுதியாகக் கெடுக்கும் என்பது அவரது முக்கியக் கண்டுபிடிப்புகளுள் ஒன்று. அவரது நூல் 1909 இல் வெளியானது.

வேட்டைக் குண்டின் வரலாற்றில் 1946 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. கனடாவில் மூஸ் என்னும் பெரிய மான் வேட்டையின்போது, ஜான் நாஸ்லர் சுட்ட குண்டுகள் போதிய ஆழம் செல்லாமல் சிதைந்தன. இதன் விளைவாக அவர், நடுவில் தடுப்புச்சுவர் கொண்ட குண்டொன்றை வடிவமைத்தார். அதன் முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் உள்ளே செல்லும்.

பறத்தல்

காற்றுத்தடையைக் குண்டு எவ்வளவு நன்றாக எதிர்க்கின்றது என்பதைக் காட்டும் எண் எறியியல் கெழு எனப்படும். இது ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுப் பெறப்படுவதாகும். பழைய மாதிரியான ஜி1, தட்டையான அடியும் குறுகிய மூக்கும் உடையது. இக்கால நெடுந்தொலைவுக் குண்டுகளோ நீண்ட மூக்கும், படகின் பின்புறம்போல் ஒடுங்கிய அடியும் உடையவை. இவற்றுக்கு ஜி7 மாதிரியே பொருத்தமானது. ஜி1 கெழு, வேகத்தைப் பொறுத்து வெகுவாக மாறும். அதிக வேகத்தில் பெற்ற ஒரே எண்ணை நம்பி நெடுந்தொலைவுக்குக் கணக்கிட்டால், குண்டு எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாகவே விழும்.

குண்டின் வேகத்தைப் பாதை முழுவதும் அளக்கும் டாப்ளர் ரேடார் வந்தபின் பல ஊகங்கள் திருத்தப்பட்டன. பிளாஸ்டிக் முனை கொண்ட சில குண்டுகளில், காற்று உராய்வின் வெப்பத்தால் முனை உருகிக் கெழு குறைவதை ஹார்னடி நிறுவனம் இவ்வாறு கண்டறிந்து, வெப்பம் தாங்கும் முனையுடைய குண்டுகளை 2015 இல் அறிவித்தது. முனை உருகியதைத் துளை விழுந்த காகிதம் காட்டியிருக்காது.

குண்டு நீளமாக நீளமாக, அதை நிலைப்படுத்த மரை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். கிரீன்ஹில் என்பவர் 1879 இல் இதற்கொரு வாய்பாடு தந்தார். 2007 இல் அறிமுகமான 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு, நீண்ட குண்டுகளைக் கருதி, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மரை வகுக்கப்பட்டது.

தோட்டா நிரப்புதலும் வேகமும்

நிரப்புபவர், வெடிமருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றிச் செல்வார். கையேட்டின் உச்ச அளவைத் தாண்டுவது, துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரைக் கொல்லக்கூடிய செயலாகும். மருந்தின் அளவோடு, குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் அமர்ந்துள்ளது என்பதும் மாற்றிச் சோதிக்கப்படுகின்றது.

இங்கே தொலைவு ஒரு முக்கிய வேறுபாட்டை உண்டாக்குகின்றது. விநாடிக்கு ஏறத்தாழ 850 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் வேறுபட்டால், 100 மீட்டரில் துளைகள் மேல்கீழாக விலகுவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே. 600 மீட்டரில் அதே வேறுபாடு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆகின்றது. ஆகவே 100 மீட்டரில் அழகாகத் தெரியும் தோட்டா நெடுந்தொலைவுக்கு உதவாமல் போகலாம். வேகமானியின் அளவுகளும் அவற்றின் திட்ட விலக்கமும் இதனாலேயே குறித்துவைக்கப்படுகின்றன. வெடிமருந்தின் வேகம் வெப்பநிலையோடும் மாறும். கோடையில் சோதித்த தோட்டா, பனிக்கால வேட்டையில் சற்று மெதுவாகவே செல்லும்.

துளைகளை எண்ணுதல்

மூன்று குண்டுகளைச் சுட்டு, அவை நெருக்கமாக விழுந்தால் அத்தோட்டாவே சிறந்ததென முடிவு செய்வது மிகப் பரவலான தவறாகும். துளைகளின் சிதறல் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், ஒரே துப்பாக்கியில் ஒரே தோட்டாவுக்கு, 3 துளைத் தொகுதியின் சராசரி அகலம் 10 துளைத் தொகுதியின் அகலத்தில் 63 விழுக்காடே இருக்கும். 5 துளைகளுக்கு இது 80 விழுக்காடு. மேலும், 3 துளைத் தொகுதிகள் தமக்குள்ளேயே பெரிதும் மாறுபடும். எவ்வித மாற்றமும் செய்யாமல் அடுத்தடுத்துச் சுட்டாலும் ஒன்று 2 சென்டிமீட்டராகவும் மற்றொன்று 4 சென்டிமீட்டராகவும் அமைவது இயல்பே.

மருந்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு குண்டு வீதம் சுட்டு, துளைகள் ஒரே உயரத்தில் கூடும் இடத்தைத் தேடும் முறை, அமெரிக்கச் சுடுநர் கிரைட்டன் ஆடெட்டின் பெயரால் அறியப்படுகின்றது. இதை உறுதியாக நம்புவோர் பலர். எனினும் இவ்வாறு காணப்படும் "நல்ல இடங்கள்" பலவும் மறுமுறை சுடும்போது இடம் மாறுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி தற்செயலே எனக் கருத வலுவான காரணம் உண்டு. மறுபடி சுட்டுப் பார்க்காத முடிவுக்கு மதிப்பில்லை.

வேட்டைக்காரருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. காட்டில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் குளிர்ந்த குழலிலிருந்து செல்லும் முதல் குண்டு ஒன்றே. சோதனைத் திடலில் சூடேறிய குழல் தரும் துளைத் தொகுதியின் மையமும் இம்முதல் குண்டின் இடமும் ஒன்றாக இல்லாதிருக்கலாம். ஆகவே கவனமுள்ளோர், வெவ்வேறு நாள்களில் சுட்ட முதல் குண்டுகளை மட்டும் ஒரே காகிதத்தில் சேர்த்துவைக்கின்றனர்.

தாக்கியபின்

வேட்டைக் குண்டு ஒன்றுக்கொன்று முரணான இரு வேலைகளைச் செய்ய வேண்டும். அருகில், மிகுந்த வேகத்தில் தாக்கும்போது உடைந்து சிதறக் கூடாது. தொலைவில், வேகம் குறைந்தபின்னும் விரியத் தவறக் கூடாது. வழக்கமான வேட்டைக் குண்டுகள் பலவற்றுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் குறைந்தபட்ச வேகமாகக் கொள்ளப்படுகின்றது. நெடுந்தொலைவுக்கென வடிவமைத்தவற்றுள் சில 400 மீட்டர் வேகத்திலும் விரியும் என உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர்.

இதைச் சோதிக்கத் தசையை ஒத்த ஜெலட்டின் கட்டிகள் பயன்படுகின்றன. 10 விழுக்காட்டுக் கரைசலை உறையவைத்து 4 பாகை செல்சியசில் வைத்திருந்து சுடுவது ஒரு நிலையான முறை. கட்டியை 600 மீட்டருக்கு அப்பால் வைத்துத் தாக்குவது கடினம் என்பதால், பலர் மருந்தைக் குறைத்து, தொலைவில் இருக்கக்கூடிய வேகத்தில் அருகிலிருந்தே சுடுகின்றனர். இம்முறையில் ஒரு குறை உண்டு. பறக்கும் குண்டின் வேகம் விரைவாகக் குறைந்தாலும் சுழற்சி மெதுவாகவே குறையும். 10 அங்குல மரையில் 850 மீட்டர் வேகத்தில் புறப்பட்ட குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,00,000 முறை சுழல்கின்றது. அதையே 550 மீட்டர் வேகத்தில் புறப்படச் செய்தால் சுழற்சி 1,30,000 மட்டுமே. சுழற்சியின் மையவிலக்கு விளைவு குண்டு விரிவதற்குத் துணைசெய்வதால், குறைந்த மருந்துச் சோதனையின் முடிவை உண்மைத் தொலைவின் முடிவாக அப்படியே கொள்ள இயலாது.

ஈயமும் செம்பும்

ஈயக் குண்டின் துணுக்குகள் விலங்கின் உடலில் தங்கி, அவ்வுடலை உண்ணும் பறவைகளுக்கு நஞ்சாகின்றன. கலிபோர்னியக் காண்டோர் கழுகு இவ்வாறு பெரிதும் பாதிக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 2013 இல் சட்டமியற்றி, 2019 சூலை 1 முதல் காட்டு விலங்குகளைச் சுட ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவதை முற்றாகத் தடை செய்தது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகின்றது, இறுக்கமான மரையும் தேவைப்படுகின்றது. பொதுவாக விரிவதற்குக் கூடுதல் வேகமும் வேண்டும். ஈயக் குண்டுக்குச் செய்த சோதனைகள் இதற்குச் செல்லாது.

இந்தியாவில்

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைச் சில விதிவிலக்குகள் தவிரத் தடை செய்கின்றது. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதும் குற்றமாகும்.